மலைச்சரிவு வீட்டில் மழைநீர்: எதைச் சேமிப்பது, எங்கே விடுவது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று கண்டி. மலைகள் சரிந்தன. வீதிகள் அறுந்தன. அதே நாட்களில் நகரின் பல பகுதிகளில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, குசினியில் குடம் காலியாக இருந்தது.

இதில் முரண் எதுவும் இல்லை. கண்டியின் குழாய்நீரில் பெரும்பகுதி மகாவலி கங்கையிலிருந்துதான் வருகிறது. ஆறு பெருகினால் நீர் சேறாகிறது, மின்சாரம் நின்றால் பம்பி நிற்கிறது, மண் சரிந்தால் குழாய் உடைகிறது. ஆகவே மழை மிக அதிகமாகப் பெய்யும் நாட்களிலேயே குழாய் நம்மைக் கைவிடக்கூடும். மாசி, பங்குனி வெயிலில் வேறொரு பிரச்சினை வரும். மேட்டில் இருக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை.

தண்ணீருக்கு வரிசையில் நிற்பது எம்மவர்களுக்குப் புதிய அனுபவம் இல்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள் ஒரு வாளி நீரில் ஒரு குடும்பத்தின் நாளை ஓட்டியிருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள் காடு வெட்டி, கிணறு தோண்டி வாழ்க்கையைத் தொடங்கினார்கள். இன்றும் பல குடும்பங்களுக்கு ஒரு பாதி உறவு மலையில், மறு பாதி வன்னியில்.

செய்தி வேலைக்காக நான் கண்டிக்கும் கிளிநொச்சிக்கும் இடையே அடிக்கடி போய்வருகிறேன். இரண்டு இடத்திலும் மழைநீரைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் ஒன்றுதான். பதில்கள் ஒன்றல்ல. வடக்கில் சரியாக இருக்கும் ஓர் ஆலோசனை கண்டியின் மலைச்சரிவில் வீட்டுக்கே ஆபத்தாகலாம். கண்டியிலும் அதைச் சூழ்ந்த கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, கம்பளைப் பகுதிகளிலும் வசிப்பவர்களை முதன்மையாக மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வடக்குக்கு எங்கே மாறும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எவ்வளவு மழை, எவ்வளவு தண்ணீர்

கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர்.

கண்டி நகரின் நீண்டகாலச் சராசரி மழைவீழ்ச்சி ஆண்டுக்குச் சுமார் 1,840 மில்லிமீற்றர். அதிகம் பெய்யும் மாதங்கள் ஒக்ரோபரும் நவம்பரும். முறையே 264, 296 மில்லிமீற்றர். குறைவான மாதங்கள் ஜனவரி, பெப்ரவரி, மார்ச். முறையே 79, 74, 71 மில்லிமீற்றர்.

இதை ஒரு வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். இந்திய உதவியுடன் தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டப்படும் தனி வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. அதாவது சுமார் 50 சதுர மீற்றர். போருக்குப் பின் வடக்கில் கட்டப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்ட வீடுகளும் ஏறக்குறைய இதே அளவுதான். எனவே இந்தக் கணக்கு இரு பக்கத்தவர்களுக்கும் உதவும்.

கூரையில் விழும் மழையில் தெறிப்பு, ஆவி, கசிவு போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 50 சதுர மீற்றர் கூரை கண்டியில் ஓராண்டுக்கு 73,000 லீற்றருக்கும் மேல் தரும். நவம்பரில் மட்டும் சுமார் 11,800 லீற்றர். பெப்ரவரியில் சுமார் 3,000 லீற்றர்.

ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 9,000 லீற்றர் வரும். நாளொன்றுக்கு 100 லீற்றர். டிசம்பர் முடிவில் 5,000 லீற்றர் தாங்கி ஒன்று நிறைந்திருந்தால் அதோடு இன்னும் 55 லீற்றர் சேரும். சராசரியான ஓராண்டில், வரட்சியான காலத்திலும் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 150 லீற்றர் அளவில் கூரையே தருகிறது. சில ஆண்டுகளில் பெப்ரவரி முழுக்க மழையே இராது என்பதையும் மறக்கக்கூடாது. அப்போது அதே தாங்கியை நாளுக்கு 50 லீற்றர் வீதம் எடுத்தால் 100 நாட்கள் தாங்கும்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் கதை வேறு. ஆண்டு மழை சுமார் 1,250 முதல் 1,300 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை மிகக் குறைவு. அங்கே 5,000 லீற்றர் தாங்கியைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்கினால்தான் கட்டும். நாளுக்கு 30 லீற்றர் என்றால் ஐந்து மாதத்துக்கு மேல் வரும். கண்டியில் தாங்கி ஆண்டில் பலமுறை நிறைந்து காலியாகும். வன்னியில் ஒருமுறை நிறைந்து ஒருமுறை காலியாகும். ஒரே தாங்கிதான், பாவிக்கும் முறை வேறு.

லயன் வீடுகளுக்கும் கணக்குப் போடலாம். பழைய லயன் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்தாழ்வாரத்தையும் சேர்த்து ஒரு குடும்பத்தின் பங்குக் கூரை 15 சதுர மீற்றர் என்று கொள்வோம். ஆண்டுக்கு 22,000 லீற்றர். 17 மில்லிமீற்றர் மழை ஒருமுறை பெய்தாலே 200 லீற்றர் பீப்பாய் ஒன்று நிறைந்துவிடும். கண்டியில் பின்னேர இடிமழை ஒன்று இதைச் சுலபமாகத் தரும்.

உங்கள் கூரையை அளக்க மேலே ஏறத் தேவையில்லை. தாழ்வாரத்தின் விளிம்பு வரை நிலத்தில் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்குங்கள். கூரையின் சாய்வைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கூரை எப்படி இருக்க வேண்டும்

தகரக் கூரை நல்லது. வெயிலில் சூடேறுவதால் கிருமிகள் குறையும், தண்ணீர் வேகமாக ஓடும். துருப்பிடித்த தகரத்தின் நீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளலாம். பழைய பெயின்ற் உரிந்துகொண்டிருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். அந்த நீரைக் குடிக்கவேண்டாம். ஓட்டுக் கூரையிலும் பிடிக்கலாம். ஆனால் பாசியை அடிக்கடி துடைக்க வேண்டும். முதல் மழையைக் கொஞ்சம் ஓடே குடித்துவிடும்.

நம் நாட்டில் அஸ்பெஸ்டோஸ் சீற் வேய்ந்த வீடுகள் ஏராளம். அதன் நார் மூச்சோடு உள்ளே போவதுதான் நிரூபிக்கப்பட்ட பெரிய ஆபத்து. குடிநீர் வழியாக வரும் தீங்குக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனாலும் உடைந்து பொடியும் பழைய சீற்றின் நீரைக் குடிக்காமல் விடுவது நல்லது. பீலி பொருத்துவதற்காக அதை அறுக்கவோ, துளைக்கவோ, உலர்ந்த தூரிகையால் தேய்க்கவோ கூடாது. பீலியைக் கூரை மரத்திலோ சுவரிலோ பிடியுங்கள்.

கண்டிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. குரங்குகள். நகரத்தின் உடவத்தைக் காட்டுப் பக்கம், ஹந்தானை, பேராதனை எங்கும் கூரையில் ஓடித் திரிகின்றன. இரவில் வௌவாலும் மரநாயும் எலியும். இவற்றின் எச்சம் எல்லாம் பீலிக்குத்தான் வரும். கூரைக்கு மேல் தொங்கும் கிளைகளை வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும். விறகடுப்பு எரியும் லயன்களில் புகைக்கரியும் கூரையில் படிந்திருக்கும்.

பீலியும் முதல் தண்ணீரும்

வடக்கில் பீலி என்றால் கூரை விளிம்பில் நீரை ஏந்தி ஓட்டும் கால்வாய். மலையகத் தோட்டங்களில் பீலி என்றால் ஊற்றுநீர் விழும் இடம். குளிப்பதும் குடம் நிரப்புவதும் அங்கேதான். இங்கே நான் முதல் பொருளில் சொல்கிறேன்.

ஒரு சதுர மீற்றர் கூரைக்குப் பீலியின் குறுக்குவெட்டு ஒரு சதுர சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 50 சதுர மீற்றர் வீட்டில் ஒரு பக்கக் கூரை 25 சதுர மீற்றர். நான்கு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் கிடைக்கும் அரைவட்டம் ஏறத்தாழ 39 சதுர சென்ரிமீற்றர். இது போதும். தோட்டங்களில் மூங்கிலைப் பிளந்தும் செய்வார்கள். ஆனால் அது சீக்கிரம் உளுத்துவிடும்.

தாங்கி இருக்கும் பக்கத்துக்கு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு கொடுங்கள். பிடிகளை மூன்று அடிக்கு ஒன்றாவது போடுங்கள். இடைவெளி கூடினால் பீலி நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும். அங்கேதான் நுளம்பு முட்டையிடும்.

மழை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீர் கூரையைக் கழுவிய தண்ணீர். அதைத் தாங்கிக்குள் விடக்கூடாது. பத்துச் சதுர மீற்றருக்கு 5 லீற்றர் வீதம் வெளியேற்றுவது குறைந்தபட்ச அளவு. 50 சதுர மீற்றருக்கு 25 லீற்றர். குரங்கும் வௌவாலும் அதிகமான இடத்தில் இதை இரட்டிப்பாக்குங்கள்.

இதற்கு விலைகூடிய கருவி எதுவும் வேண்டாம். பீலியிலிருந்து தாங்கிக்குப் போகும் குழாயில், தாங்கிக்கு முன்பாக ஒரு ரீ மூட்டுப் போட்டு, கீழ்நோக்கி நான்கு அங்குலக் குழாயைத் தொங்கவிடுங்கள். அந்தக் குழாய் மீற்றருக்கு 8 லீற்றர் பிடிக்கும். மூன்று மீற்றர் போட்டால் 25 லீற்றர் அளவு. அடியில் திருகு மூடி போட்டு, அதில் ஓர் ஊசித் துளை விடுங்கள். முதல் தண்ணீர் இந்தக் குழாயை நிரப்பும். அது நிறைந்தபின் வரும் தெளிந்த நீர் மேலால் தாங்கிக்குப் போகும். மழை விட்டதும் அழுக்கு நீர் துளையால் சொட்டி வெளியேறி, குழாய் அடுத்த மழைக்குத் தயாராகும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து சேற்றைக் கழுவ வேண்டும். தாழ்வாரம் பதிவாக இருந்து மூன்று மீற்றர் உயரம் கிடைக்காவிட்டால், குழாய்க்குப் பதிலாக 25 லீற்றர் கேன் ஒன்றை அதே இடத்தில் பொருத்தலாம்.

எந்தத் தாங்கி, எங்கே வைப்பது

இலங்கையில் வீட்டுக் கூரைநீரைத் திட்டமிட்டுச் சேமிக்கும் வேலை பரவலாகத் தொடங்கியது 1990களின் நடுப்பகுதியில். உலக வங்கியின் உதவியுடன் நடந்த சமூக நீர்வழங்கல் திட்டம் 1995 அளவில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 5,000 லீற்றர் தாங்கிகளை அறிமுகப்படுத்தியது. இருவகைத் தாங்கிகள். ஒன்று நிலத்துக்கு மேலே, கம்பிவலையில் சீமெந்து பூசிச் செய்வது. அதன் வடிவத்தைப் பார்த்துப் பூசணித் தாங்கி என்றார்கள். மற்றது நிலத்துக்குக் கீழே செங்கல்லால் கட்டி, கவிந்த மூடி போடுவது. 1996இல் தொடங்கிய இலங்கை மழைநீர் சேகரிப்பு மன்றம் இந்த வேலையை நாடெங்கும் எடுத்துச் சென்றது. போருக்குப் பின் வடக்குக்கும் அது வந்தது.

கண்டிச் சரிவுகளில் நிலத்துக்கு மேலே இருக்கும் தாங்கியைத்தான் நான் பரிந்துரைப்பேன். மேலே இருந்தால் கசிவு கண்ணுக்குத் தெரியும். கீழே புதைத்த தாங்கி வெடித்தால் தண்ணீர் மாதக்கணக்கில் சரிவுக்குள் இறங்கினாலும் தெரியாது.

சீமெந்துத் தாங்கி நீடித்து உழைக்கும். கட்டும்போது ஈரம் காயவிடாமல் பதப்படுத்துவதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. வரட்சியிலும் அடியில் கொஞ்சம் நீரை விட்டுவைத்தால் வெடிப்பு வராது. பிளாஸ்டிக் தாங்கியை ஒரே நாளில் வைத்துவிடலாம். கறுப்பு அல்லது கடும் நிறத்தாங்கியை வாங்குங்கள். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 1,000 லீற்றர் நீர் ஒரு தொன் எடை. 5,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஐந்து தொன். மண்ணை வெட்டி வீடு கட்டிய இடத்தில், வெட்டின் மேல் விளிம்பிலோ, கீழே கல் அடுக்கிய தடுப்புச்சுவரின் தலைப்பிலோ, புதிதாக நிரப்பிய மண்ணிலோ அதை வைக்கக்கூடாது. வெட்டிய, கெட்டியான நிலத்தில், வீட்டின் பின்சுவருக்கும் சரிவுக்கும் இடையில் போதிய இடைவெளி விட்டு, சமமான கொங்கிறீட் தளத்தில் வையுங்கள். அந்த அளவு இடம் இல்லாவிட்டால் ஒரு பெரிய தாங்கிக்குப் பதில் 500 லீற்றர் தாங்கிகள் இரண்டை வீட்டின் இரு பக்கத்தில் வைக்கலாம்.

குழி தோண்ட வேண்டாம்

தமிழில் மழைநீர் பற்றிக் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை சென்னையிலிருந்து வருகின்றன. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அங்கே அதன் பொருள் பெரும்பாலும் நிலத்தடி நீரை ஊட்டுவது. கூழாங்கல் போட்ட குழி ஒன்று தோண்டிக் கூரைநீரை அதற்குள் இறக்குவார்கள். சமநிலமும் மணலும் உள்ள ஊருக்கு அது பொருத்தம். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும், சுத்தமான கூரைநீரை மண்ணுக்குள் விட்டால் கிணறு பயன்பெறும்.

கண்டியின் சரிவில் அதே குழி வீட்டுக்கு எதிரி. இங்கே பாறைக்கு மேல் தடித்த, சிதைந்த மண்படை இருக்கிறது. நீர் உள்ளே இறங்க இறங்க மண் கனக்கும். மண் துகள்களின் இறுக்கம் தளரும். பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் நீர் தேங்கினால் மேலே உள்ள படை அப்படியே வழுக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுப் பிரதேச மக்களுக்குச் சொல்லும் முதன்மையான அறிவுரைகளில் ஒன்று, மேற்பரப்பு நீரைச் சரிவுக்குள் இறங்கவிடாமல் ஒழுங்கான வடிகாலில் வெளியேற்றுங்கள் என்பது.

2014 ஒக்ரோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய சரிவைக் கூரைநீர் உண்டாக்குவதில்லை. கடும் மழையும் மலையின் அமைப்பும் நிலத்தை வெட்டிய விதமும் சேர்ந்து செய்வது அது. ஆனால் வீட்டுக்குப் பின்னாலுள்ள பத்தடி மண்வெட்டு இடிந்து குசினிக்குள் விழுவது ஒவ்வொரு மழைக்காலமும் நடக்கிறது. அங்கே கூரைநீர் எங்கே விழுகிறது என்பது பெரிய வித்தியாசத்தைச் செய்யும்.

எனவே கண்டியில் மழைநீர் சேமிப்பின் பாதி வேலை தாங்கியிலும், மறு பாதி அதன் மேல்வழிவுக் குழாயிலும் இருக்கிறது. நவம்பரில் 11,800 லீற்றர் வரும்போது 5,000 லீற்றர் தாங்கி எப்படியும் வழியும். அந்த வழிவு எங்கே போகிறது?

மேல்வழிவுக் குழாய் உள்ளே வரும் குழாயின் அளவாவது இருக்க வேண்டும். அது திறந்த மண்ணில் முடியக்கூடாது. சீமெந்து பூசிய காண் வழியாகவோ மூடிய குழாய் வழியாகவோ பொது வடிகால் அல்லது இயற்கை நீரோடை வரை நீரைக் கொண்டுபோக வேண்டும். கீழ்வீட்டுக்காரரின் மண்வெட்டுக்கு மேலே திறந்துவிட்டால் உங்கள் வீடு தப்பும், அவர்கள் வீடு விழும். சரிவில் மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்து பேசித்தான் காண் வெட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் சில அடையாளங்களைக் கவனியுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு. மரமோ மின்கம்பமோ சாய்தல். கதவும் யன்னலும் திடீரென இறுகுதல். இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்று கலங்குதல் அல்லது சட்டென வற்றுதல். இவற்றில் எதைக் கண்டாலும் தாங்கியையும் பீலியையும் விட்டுவிட்டு வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும்.

எதற்கெல்லாம் பாவிக்கலாம்

மழைநீர் மென்மையான நீர். சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், பருப்புச் சீக்கிரம் அவியும், கேத்தலில் வெள்ளைப் படிவு வராது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரோடு ஒப்பிட்டால் முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

மலசலகூடம், துவைத்தல், வீடு கழுவுதல், தோட்டப் பயிர் ஆகியவற்றுக்கு எந்தச் சுத்திகரிப்பும் வேண்டாம். ஒரு வீட்டின் நீர்ப்பாவனையில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான் போகிறது. இதை மழைநீருக்கு மாற்றினாலே குழாய்நீர்க் கட்டணத்திலும் வெளியிலிருந்து தண்ணீர் சுமக்கும் வேலையிலும் பெரும் குறைவு தெரியும். தோட்டங்களில் அந்தச் சுமை பெரும்பாலும் பெண்களின் தலையில் இருக்கிறது. கொழுந்து மலைக்குப் போவதற்கு முன்னும் பின்னும்.

குடிப்பதற்கு என்றால் கொதிக்க வையுங்கள். குமிழி விட்டுத் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடம் போதும். துணியில் வடிப்பது தூசியை எடுக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த பிளாஸ்டிக் போத்தலில் நீரை நிரப்பி ஆறு மணிநேரம் நல்ல வெயிலில் வைக்கும் முறை ஒன்று உண்டு. மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் வைக்க வேண்டும். மாரியில் கண்டி வானத்தை நம்பி அதைச் செய்ய முடியாது. வடக்கில் சித்திரை வெயிலுக்கு அது சரி.

கிணற்றுநீரை நம்பமுடியாத இடங்களில் மழைநீர் முதன்மைக் குடிநீராகவே மாறியிருக்கிறது. சிறுநீரக நோய் பரவிய வடமத்திய மாகாணத்தில் பாடசாலைகளிலும் வீடுகளிலும் இதற்கான தாங்கிகள் கட்டப்பட்டன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தைக் கண்டவர்களுக்கு, தன் கூரையில் விழும் நீரின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

நுளம்பும் துப்புரவும்

மூடாத பீப்பாய் டெங்குக்கு அழைப்பு. ஏடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருக விடுவது தண்டனைக்குரிய குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பது இந்தப் பீப்பாய்களைத்தான்.

தாங்கியின் வாய், மேல்வழிவுக் குழாயின் முனை, காற்றுத் துளை மூன்றிலும் நுண்ணிய நுளம்பு வலை கட்டுங்கள். வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பீப்பாய் காலியானதும் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை உலர்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். அடுத்த மழை நனைத்ததும் பொரிக்கும். எலி சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் வரலாம் என்பதால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தாங்கியைக் கழுவ உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக்கூடாது. மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்டு, வெளியே ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

யாரிடம் கேட்பது

இலங்கையில் தேசிய மழைநீர்க் கொள்கை 2005இல் வந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 2007இல் திருத்தப்பட்டு, 2009இல் அதற்கான விதிமுறைகள் வர்த்தமானியில் வெளியாகின. மாநகர, நகர சபைப் பிரதேசங்களில் கட்டட வரைபடத்தில் மழைநீர் ஏற்பாட்டையும் காட்ட வேண்டும் என்ற நிலை அப்படித்தான் உருவானது. கண்டி மாநகர எல்லைக்குள் புதிதாகக் கட்டுபவர்கள் வரைபடத்தைக் கையளிக்கும் முன்பே தாங்கியின் இடத்தையும் மேல்வழிவுக் காணையும் அதில் குறித்துவிடுங்கள். பிறகு சுவரை உடைக்கும் செலவு மிஞ்சும்.

தோட்ட லயன்களில் சிக்கல் வேறு. வீடும் கூரையும் நிர்வாகத்துக்குச் சொந்தம். ஒரே கூரையின் கீழ் பத்து, பன்னிரண்டு குடும்பங்கள். ஒருவர் மட்டும் பீலி கட்டினால் பக்கத்துக் காம்பராவின் நீரும் அவருக்கு வரும். சண்டையும் சேர்ந்து வரும். முழு லயனுக்கும் ஒரே பீலி போட்டு, இரு முனையிலும் பொதுத் தாங்கி வைப்பதே நியாயமான வழி. யார் கழுவுவது, வரட்சியில் ஒரு வீட்டுக்கு எத்தனை வாளி என்பதை மழைக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நிர்வாகத்திடம் அனுமதியை எழுத்தில் கேளுங்கள்.

பிரதேச சபைகள் தோட்டங்களில் சேவை செய்வதற்கு நீண்டகாலம் சட்டத்தில் இருந்த தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. ஆகவே லயனுக்கு வடிகாலும் தாங்கியும் கேட்டுப் பிரதேச சபைக்கு விண்ணப்பிக்க இன்று வழியுண்டு. மூன்று, நான்கு லயன்கள் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுக்கும் கடிதத்துக்கு, தனியொருவரின் வாய்மொழிக் கோரிக்கையை விடப் பெறுமதி அதிகம்.

வேலையை எப்படிப் பிரிப்பது

கையில் காசு குறைவென்றால் முதலில் பீலியும், வலை கட்டிய ஒரு பீப்பாயும், அதன் வழிவை வடிகாலுக்குக் கொண்டுபோகும் குழாயும் போதும். அடுத்த கட்டம் முதல் தண்ணீர்க் குழாய். பெரிய தாங்கி கடைசியில். பலர் தாங்கியை முதலில் வாங்கிவிட்டு பீலிக்குக் காசில்லாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆண்டுக்கு ஒரு ஒழுங்கும் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில், தாங்கி வற்றியிருக்கும்போது உள்ளே கழுவி, கூரையைத் துடைத்து, கிளைகளை வெட்டுங்கள். ஏப்ரல் மழை அதைக் கழுவி நிரப்பும். செப்டெம்பரில் பீலியின் சரிவையும் பிடிகளையும் பார்த்து, வீட்டைச் சுற்றிய காண்களில் மண் எடுத்து, மேல்வழிவுக் குழாய் அடைபடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஒக்ரோபர், நவம்பர் மழை அதற்குப் பிறகுதான் வரும். டிசம்பர் கடைசி வாரத்தில் தாங்கி நிறைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அந்தத் தண்ணீர் பங்குனி வரை உங்களுக்கு வேண்டும்.